மொட்டை மாடி ஒளிப்பலகையை இடம் மாற்றிக் காப்பாற்றுவது எப்படி: கழற்றும் முன் தொடங்கி, மறுபடி எரியும் இரவு வரை

2008 அக்டோபர் 4 இரவு, டொரொண்டோவின் யங் தெருவில் இரண்டு பெரிய இசைத்தட்டுகள் பழைய இடத்தில் கடைசியாக ஒருமுறை சுழன்றன. 'சாம் தி ரெக்கார்டு மேன்' என்ற இசைத்தட்டுக் கடையின் முகப்பில் இருந்த நியான் போர்டு அது. சுழன்றன என்று சொன்னாலும் அதில் அசையும் பாகம் கிடையாது. வட்டம் வட்டமாக வளைத்த கண்ணாடிக் குழாய்கள் அடுத்தடுத்து எரிந்து அணையும்போது, தட்டு சுற்றுவதாக நம் கண் நம்பிவிடும். கடை 2007 ஜூன் 30 அன்றே மூடியாகிவிட்டது. இடத்தை ஒரு பல்கலைக்கழகம் வாங்கியிருந்தது. 2008-ன் 'நுயி பிளான்ஷ்' இரவு விழாவுக்காக ஒருமுறை எரியவிட்டு, அப்புறம் கழற்றி எடுத்துக் கிடங்கில் வைத்தார்கள்.

அது மறுபடி எரிந்தது 2018 ஜனவரியில். இடையில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. கடையை நடத்திய சாம் ஸ்னைடர்மன் 2012-ல் காலமானார். தன் போர்டு திரும்ப ஏறியதை அவர் பார்க்கவில்லை.

இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்தபோது அந்த ஒன்பது ஆண்டுதான் மனதில் நின்றது. ஒளிப்பலகையை இடம் மாற்றுவதில் கிரேனும் வெல்டிங்கும் கஷ்டமான வேலை என்று நினைப்போம். அவை இரண்டு, மூன்று வாரத்தில் முடிகிற வேலைகள். போர்டு இறங்கிய பிறகு எங்கே ஏறும், யார் பணத்தில் ஏறும், எந்தத் தேதிக்குள் ஏறும் என்பதுதான் கஷ்டம். அதனால் இங்கே வரிசை கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். ஸ்பேனரைக் கையில் எடுக்கவே பாதிக் கட்டுரை ஆகிவிடும்.

படி 1: எதைக் காப்பாற்றுகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பழைய இரும்பா, பழைய ஒளியா, பழைய உருவமா, அது நின்ற இடமா? நான்கும் வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான்கும் கிடைப்பது அபூர்வம். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று தொடக்கத்திலேயே எழுதி வைக்காவிட்டால், பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொன்றாகப் பறிபோகும்.

மெல்போர்னின் 'ஸ்கிப்பிங் கேர்ள்' ஒரு வினிகர் ஆலையின் விளம்பரம். கயிறு தாண்டும் சிறுமியின் உருவம். கயிறு மேலும் கீழும் போவதுபோல நியான் குழாய்கள் மாறி மாறி எரியும். 1936-ல் வைத்தது. 1968-ல் ஆலையை இடித்தபோது அதையும் இறக்கினார்கள். மக்கள் விடவில்லை. 1970-ல் விக்டோரியா தெருவிலேயே வேறொரு கட்டடத்தின் மேல் சிறுமி மறுபடி வந்தாள். ஆனால் அது பழைய போர்டு இல்லை, புதிதாகச் செய்த சற்றே சிறிய உருவம். இன்று அந்த ஊரார் தங்கள் சிறுமி என்று கொண்டாடுவது இந்த இரண்டாவதைத்தான். அங்கே பிழைத்தது உருவமும் தெருவும். இரும்பு பிழைக்கவில்லை.

அமெரிக்காவின் போர்ட்லண்டில் நேர்மாறு. அங்கே ஒரு கூரைப் போர்டில் ஓரிகன் மாநிலத்தின் எல்லைக்கோடும் பாயும் மானும் அப்படியே இருக்க, எழுத்துகளை மட்டும் காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே வந்தார்கள். 1997-ல் 'மேட் இன் ஓரிகன்' ஆனது, 2010-ல் 'போர்ட்லண்ட் ஓரிகன்' ஆனது. கிறிஸ்துமஸ் காலத்தில் மானின் மூக்கில் சிவப்பு விளக்கு எரியும். அங்கே இடமும் ஒளியும் நிலைத்தன, வாசகம் மாறியது.

என்னைக் கேட்டால், முதலிடம் உருவத்துக்கும் ஒளியின் தன்மைக்கும் கொடுப்பேன், அடுத்தது இடத்துக்கு, கடைசியில்தான் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டத்துக்கு. எழுத்துகளின் தகடு வேறு விஷயம்; அது உருவத்தைச் சேர்ந்தது, கூடியவரை பழையதே இருக்க வேண்டும். பின்னால் நிற்கும் ஆங்கிள் இரும்பை மாற்றினால் தெருவில் நிற்பவருக்குத் தெரியாது.

படி 2: காகித வேலை

இந்தப் படியில் கஞ்சத்தனம் வேண்டாம். வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள்.

கூரை விளம்பரத்தில் குறைந்தது மூன்று பேருக்கு உரிமை இருக்கும். கட்டடத்துக்காரர் ஒருவர், போர்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர், அதில் உள்ள பெயருக்கும் சின்னத்துக்கும் வணிக உரிமை உள்ளவர் ஒருவர். பல நேரம் போர்டு நிற்கும் கூரைக்கு மாத வாடகை வேறு போய்க்கொண்டிருக்கும். கட்டடம் கைமாறும் நாளில்தான் இந்த முடிச்செல்லாம் வெளியே வரும். பாஸ்டனில் கென்மோர் சதுக்கத்துக்கு மேலே நிற்கும், 'சிட்கோ' எண்ணெய் நிறுவனத்தின் போர்டுக்கு அப்படித்தான் ஆனது. கட்டடம் விற்பனையானதும் கூரை வாடகை பற்றித் தகராறு வந்தது. 2017-ல் மேயர் நடுவில் நின்று இரு தரப்பையும் ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு நகரின் பாரம்பரியச் சின்ன ஆணையம் அதைச் சின்னமாக அறிவிக்க வாக்களித்தது. ஒப்பந்தமே பாதுகாப்புக்குப் போதும் என்று மேயர் அந்த அறிவிப்பை ரத்து செய்தார். ஆக, சட்டப் பட்டியலில் இல்லாமல் ஒப்பந்தத்தை நம்பி ஒரு சின்னம் நிற்க முடிகிறது. ஆனால் அந்த ஒப்பந்தம் நன்றாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நகர விதிகளையும் இப்போதே படித்துவிடுங்கள். பல ஊர்களில் புதிதாகக் கூரை விளம்பரம் வைக்கவே அனுமதி கிடையாது. பழையவை இருக்கும்வரை இருக்கலாம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊரில் போர்டைக் கீழே இறக்கிய நொடியில் அது 'பழையது' என்ற உரிமையை இழந்து, திரும்ப ஏறும்போது 'புதியது' ஆகிவிடும் ஆபத்து உண்டு. எனவே விதிவிலக்கை எழுத்தில் வாங்கிய பிறகே இறக்க வேண்டும். மாட்ரிட் இதற்கு நல்ல உதாரணம். வெளிப்புற விளம்பரங்களை அந்த நகரம் கடுமையாகக் குறைத்தபோதும், புவேர்த்தா தெல் சோல் சதுக்கத்தின் 'டியோ பெப்பே' மது விளம்பரப் போர்டுக்கும் கிரான் வியா தெருவின் ஷ்வெப்ஸ் பான விளம்பரப் போர்டுக்கும் விலக்குக் கொடுத்தது. அந்த விலக்கு இருந்ததால்தான் 2011-ல் இறக்கிய டியோ பெப்பே 2014-ல் அதே சதுக்கத்தில் வேறொரு கூரையில் ஏற முடிந்தது.

ஒப்பந்தத்தில் என்னென்ன வேண்டும்? புது இடத்தின் முகவரி, 'பொருத்தமான இடம்' என்ற மழுப்பல் இல்லாமல். மறுபடி எரிய வேண்டிய கடைசித் தேதி. அந்தத் தேதி தவறினால் என்ன நடக்கும் என்பது. மொத்தச் செலவுக்கான பணம், கழற்றும் முன்பே தனிக் கணக்கில். எரிந்த பிறகு மின்கட்டணமும் பராமரிப்பும் யார் தலையில் என்பது. கட்டடம் மறுபடி கைமாறினால் புது உரிமையாளரையும் இந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்ற வரி. போர்டில் பெயருள்ள நிறுவனம் மூடப்பட்டாலோ பெயர் மாறினாலோ பழைய வாசகம் அப்படியே இருக்கலாம் என்ற அனுமதி.

டொரொண்டோவில் ஒப்பந்தம் இல்லாமல் இல்லை. பழைய இடத்தில் வரும் புதுக் கட்டடத்தில் போர்டை மாட்டுவதாகப் பேச்சு இருந்தது. ஆனால் கட்டட வரைபடம் வந்தபோது அதில் போர்டுக்கு இடம் இல்லை. 2013-ல் பெரிய சண்டை. 2014-ல் நகரசபை வேறு வழி கண்டது: கூப்பிடு தூரத்தில், விக்டோரியா தெரு 277-ஆம் எண், நகரத்துக்கே சொந்தமான கட்டடம், அதன் மொட்டை மாடி. முகப்பில் பிறந்த போர்டு இப்படித்தான் கூரைப் போர்டு ஆனது. கட்டட வடிவமைப்பாளரின் முதல் வரைபடத்திலேயே போர்டு இருந்தாக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். கட்டடம் முடிந்த பிறகு 'எங்கே மாட்டலாம்' என்று தேடினால் எங்கும் இடம் இருக்காது.

படி 3: இரவில் போய்ப் பதிவு செய்யுங்கள்

போர்டு எரிந்துகொண்டிருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். அணைத்துவிட்டால் பாதித் தகவல் போய்விடும்.

பகல் வேலை எளிது: லேசர் ஸ்கேன், ஒவ்வொரு எழுத்தின் அளவு, இணைப்புகளின் படம், தகட்டின் தடிமன், பெயிண்ட் அடுக்குகளின் மாதிரி. இரவு வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கேமராவின் தானியங்கி அமைப்பை அணைத்துவிட்டு, ஒரே இடத்திலிருந்து வெவ்வேறு ஒளி அளவில் பல படங்கள் எடுங்கள். ஒவ்வொரு நிறக் குழாயின் பிரகாசத்தையும் நிறத்தையும் கருவியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மினுக்கும் போர்டு என்றால் குறைந்தது பத்து முழுச் சுற்றுகளுக்கு வீடியோ வேண்டும். எந்தக் குழாய் எத்தனை விநாடி எரிகிறது, அடுத்தது எப்போது தொடங்குகிறது என்று பின்னால் எண்ணி எழுத அதுதான் ஆதாரம். பழைய போர்டுகளில் இந்த வரிசையை ஒரு சின்ன மோட்டாரும் அதில் சுழலும் பற்சக்கரங்களும் நடத்தின. மோட்டார் தேய்ந்து வேகம் குறைந்திருக்கலாம், அதனால் பழைய வீடியோ, திருமண ஆல்பம், சுற்றுலாப் படம் என்று ஊராரிடமும் கேட்டு வாங்குங்கள்.

முக்கியமான ஒன்று: மக்கள் எங்கெல்லாம் நின்று அந்தப் போர்டைப் பார்க்கிறார்கள்? ரயில் மேடையா, பாலமா, விளையாட்டு அரங்கின் இருக்கையா, ஆற்றின் அக்கரையா? அந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் படம் எடுங்கள். படி 5-ல் இது இல்லாமல் ஒரு அடிகூட நகர முடியாது.

படி 4: உடம்பைச் சோதித்தல்

மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: கட்டமைப்புப் பொறியாளர், நியான் வேலை தெரிந்தவர், அபாயப் பொருள் சோதனையாளர்.

இரும்புச் சட்டத்தில் துரு எப்போதும் இணைப்புகளில்தான் ஒளிந்திருக்கும். இரண்டு ஆங்கிள்கள் முதுகோடு முதுகு ஒட்டும் இடத்தில் தண்ணீர் புகுந்து துரு வீங்கினால் ரிவெட்டுகளே தெறித்துவிடும். வெளியில் அடித்த பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே காகிதம்போல மெலிந்திருக்கும். தட்டிப் பார்த்து நம்பாதீர்கள், தடிமனை அளவுக்கருவியால் அளங்கள். எழுத்துகள் பெரும்பாலும் எனாமல் பூசிய இரும்புத் தகடு. எனாமல் என்பது உருக்கிய கண்ணாடிதான், நிறம் மங்காது, ஆனால் அடிபட்ட இடத்தில் சில்லு தெறித்து அங்கே துரு பிடிக்கும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய வயர்களின் உறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். குழாய்களில் பாதரசம் இருக்கிறதா என்பது நிறத்தைப் பொறுத்தது. நிறமில்லாத கண்ணாடியில் செந்நிறமாக எரிவது சுத்தமான நியான் வாயு; அதில் பாதரசம் கிடையாது. நீலம், பச்சை, வெள்ளை பெரும்பாலும் ஆர்கானோடு ஒரு துளி பாதரசம் சேர்த்தவை, உள்ளே பூச்சு பூசியவை. 'நியானில் பாதரசம், அதனால் ஆபத்து, எல்லாவற்றையும் தூக்கிப் போடு' என்று யாராவது சொன்னால், எந்தக் குழாயில் என்று கேளுங்கள். சிவப்பு எழுத்துகளுக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

நியான் ட்ரான்ஸ்ஃபார்மர்கள் 15,000 வோல்ட் வரை கொடுக்கும். அதன் பக்கம் சாதாரண எலக்ட்ரீஷியனை அனுப்ப வேண்டாம்.

படி 5: புது இடம்

தூரத்தைவிட, திசையும் பின்னணியும் முக்கியம். கூரைப் போர்டின் அழகு அதன் பின்னால் உள்ள வெறும் வானத்தில்தான் இருக்கிறது. பத்தடி தள்ளி வைத்தாலும் பின்னால் நாற்பது மாடிக் கண்ணாடிக் கட்டடம் நின்றால் கதை முடிந்தது.

நியூயார்க்கின் பெப்சி-கோலா போர்டு இதை வேறுவிதமாகத் தீர்த்தது. குவீன்ஸ் கரையில் பாட்டில் நிரப்பும் ஆலையின் கூரையில், 120 அடி நீளத்துக்கு, ஆற்றைத் தாண்டி மன்ஹாட்டனைப் பார்த்து நின்ற போர்டு. ஆலை போனது, அந்த இடத்தில் அடுக்குமாடி வந்தது. 2009-ல் போர்டு கேன்ட்ரி பிளாசா பூங்காவில், கரையோரமாக, தாழ்வான சட்டத்தில் மறுபடி நின்றது. பின்னால் வந்த கட்டடத்தின் கீழ் மாடிகளை உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள், போர்டுக்குப் பின்னால் மூச்சு விட இடம் இருக்கும்படி. உயரம் போய்விட்டது, வானமும் போய்விட்டது. ஆனால் ஆறு இருக்கிறது. அக்கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது அதே பெப்சி போர்டு. 2016-ல் நகரம் அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பார்வையாளர் நிற்கும் இடத்தை முதலில் பிடித்துக்கொண்டதால் வந்த பலன் இது.

புது இடத்தைத் தேர்ந்த பிறகு, கிரேனில் அதே உயரத்துக்கு ஒரு துணிச் சட்டத்தைத் தூக்கிக் காட்டுங்கள். படி 3-ல் குறித்த ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் நின்று படம் எடுக்கட்டும். கணினிப் படத்தை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. துணி பொய் சொல்லாது.

இனி காற்று. கூரைப் போர்டுக்கு எதிரி எடை இல்லை, காற்றுதான். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. விநாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். சிட்கோ போர்டு 60 அடிக்கு 60 அடி. அவ்வளவு பெரிய அடைத்த பலகை ஒன்றைக் கற்பனை செய்தால் பரப்பு சுமார் 335 சதுர மீட்டர்; விசை 33 டன்னைத் தாண்டும். வடிவத்துக்கும் உயரத்துக்குமான கெழுக்களை இன்னும் சேர்க்கவே இல்லை. இந்த விசை போர்டைப் பின்னால் சாய்க்கும்போது முன்கால்கள் கூரையைப் பிடுங்கி மேலே இழுக்கும், பின்கால்கள் கீழே குத்தும். மொட்டை மாடியின் தளம் இதைத் தாங்காது. கால்கள் நேராகக் கட்டடத்தின் தூண்களில் இறங்க வேண்டும். தூணும் காலும் ஒத்துவராத இடத்தில் நடுவே ஒரு பெரிய உத்திரச் சட்டம் போட்டு விசையைத் தூணுக்குக் கடத்த வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய போர்டுகளில் எழுத்துகளுக்கு நடுவே வெட்டவெளியாக இருக்கும், காற்று ஊடே போகும். 'பின்னால் ஒரு தகடு அடித்தால் எழுத்து தெளிவாகத் தெரியுமே' என்று யாராவது நல்லெண்ணத்தில் சொல்வார். அந்தத் தகடு காற்று விசையைப் பல மடங்காக்கும், பின்னால் தெரியும் வானத்தையும் அழிக்கும். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு காலும் கூரையைத் துளைக்கும் இடத்தில் நீர்க்கசிவு வரும். அதைத் தடுக்கும் வேலையைக் கூரை போட்ட நிறுவனத்திடமே கொடுங்கள், வேறு ஆள் துளைத்தால் கூரைக்கான உத்தரவாதம் போய்விடும். இடிதாங்கி, எர்த் இரண்டும் வரைபடத்திலேயே இருக்கட்டும். பராமரிப்பு ஆள் நடக்கப் பின்புறம் ஒரு நடைமேடையும், பாதுகாப்புக் கயிறு மாட்ட வளையமும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

படி 6: நியானா, எல்இடியா

இந்தக் கேள்வியில் நட்பே முறியும். என் நிலைப்பாடு இது: கழற்றும்போது நியானாக இருந்தால், ஏறும்போதும் நியானாக இருக்க முயல வேண்டும். ஏற்கெனவே எல்இடி ஆகிவிட்டதென்றால் அதற்காகச் சண்டை வேண்டாம்.

காரணம் ஏக்கம் மட்டுமல்ல. நியான் குழாய் எல்லாப் பக்கமும் ஒளி விடும். முன்னால் வருவது கண்ணுக்கு வரும், பின்னால் போவது எழுத்தின் எனாமல் தகட்டில் பட்டு அதையும் மினுங்க வைக்கும். மழை இரவில் எழுத்தைச் சுற்றி ஒரு வளையம் தெரிவது அதனால்தான். எல்இடி பெரும்பாலும் ஒரே பக்கம் ஒளி வீசும், தகடு இருட்டாகிவிடும். இரண்டாவது, நன்றாகச் செய்த நியான் குழாய் பல பத்தாண்டுகள் எரியும். உடைந்தால் அந்த ஒரு குழாயை மட்டும் வளைத்து மாட்டலாம். எல்இடிப் பட்டையில் பத்து ஆண்டு கழித்து அதே நிறம், அதே மாடல் கடையில் கிடைக்காது. ஒரு துண்டு போனால் மொத்தத்தையும் மாற்ற வேண்டிவரும்.

சிட்கோ போர்டில் ஒரு காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நியான் குழாய்கள் இருந்தன. 2005-ல் எல்இடிக்கு மாற்றினார்கள். பாஸ்டனின் குளிரும் வெயிலும் பட்டு, 2010-ல் மறுபடி புது எல்இடி போட வேண்டியதாயிற்று. இன்றைய எல்இடி அன்றையதைவிட நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மின்சாரமும் நிச்சயம் மிச்சம். குளிர் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பாதரசம் கலந்த நீல, வெள்ளைக் குழாய்கள் கடும் குளிரில் மங்கும், சுத்தமான நியான் சிவப்பு மங்காது. எனவே போர்டின் நிறத்தையும் ஊரின் குளிரையும் வைத்து முடிவெடுங்கள்.

எல்இடிதான் என்று முடிவானால், ஒரே ஒரு எழுத்தை முதலில் செய்து, அசல் நியான் எழுத்துக்குப் பக்கத்தில் வைத்து, இருட்டில், இருநூறு அடி தூரத்திலிருந்து பாருங்கள். பட்டறைக்குள் வைத்துப் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். பழைய குழாய்களில் சிலவற்றையாவது அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

படி 7: கழற்றுதல்

முதலில் மின் இணைப்பைத் துண்டித்து பூட்டுப் போட வேண்டும். அடுத்து கண்ணாடி. குழாயைத் தாங்கும் சின்னக் கண்ணாடிக் கால்கள் ஒவ்வொன்றிலும் கட்டிய செம்புக் கம்பியை அவிழ்த்து, ஒவ்வொரு குழாய்க்கும் எண் ஒட்டி, மெத்தை வைத்த மரப்பெட்டியில் அடுக்குங்கள். காகிதச் சீட்டு போதாது. உலோக வில்லையில் எண் பொறித்துக் கம்பியால் கட்டுங்கள். காகிதச் சீட்டு கிடங்கில் உதிர்ந்துவிடும், அப்புறம் ஐநூறு குழாய்களில் எது எங்கே என்று யாருக்கும் தெரியாது.

எழுத்துகளைக் கூடியவரை முழுதாக இறக்குங்கள். முழுதாக லாரியில் ஏறாது என்றால், பழைய இணைப்பில் போல்ட்டைக் கழற்றிப் பிரியுங்கள். வெட்டியே ஆக வேண்டிய இடத்தில், திரும்ப ஒட்டும்போது மறைவாகத் தட்டு வைத்துப் போல்ட் போட வசதியான இடமாகப் பொறியாளர் குறித்துக் கொடுத்த கோட்டில்தான் வெட்ட வேண்டும். இறக்கும் முன் ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் தற்காலிகமாக மூங்கில் முட்டுக் கொடுப்பதுபோல இரும்புக் குறுக்குச் சட்டம் வையுங்கள். சட்டத்தில் இருக்கும்வரை நிமிர்ந்து நின்ற தகடு, தூக்கும்போது தன் எடையிலேயே முறுக்கிக்கொள்ளும்.

தெருவை மூட ஞாயிறு விடிகாலைதான் வசதி. பெரிய எழுத்து கிரேனில் தொங்கும்போது பாய்மரம் மாதிரி. காற்று வேக வரம்பை முன்கூட்டியே எழுதி வைத்து, அதைத் தாண்டினால் எத்தனை பேர் காத்திருந்தாலும் வேலையை நிறுத்த ஒருவருக்கு அதிகாரம் கொடுங்கள். வேடிக்கை பார்க்க ஊர் கூடும், அவர்களுக்கும் ஒரு இடம் ஒதுக்குங்கள். அழுபவர்கள் இருப்பார்கள்.

படி 8: கிடங்கு

கூரை உள்ள, காய்ந்த, பூட்டுள்ள இடம். தரையிலிருந்து உயர்த்திய கட்டைகள் மேல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்து எல்லாத் தரப்புக்கும் அனுப்புங்கள். கிடங்குக் காலம் ஒரு ஆண்டைத் தாண்டினால், படி 2-ல் ஏதோ ஓட்டை விட்டிருக்கிறீர்கள். உடனே அங்கே திரும்பிப் போங்கள்.

படி 9: பட்டறை

துருவை மணல் வீசிச் சுத்தம் செய்வார்கள்; எனாமல் தகட்டின் மேல் அதைச் செய்தால் ஒரே நாளில் எண்பது ஆண்டு மேற்பரப்பு போய்விடும். எனாமலை மென்மையான சோப்பு நீரில் கழுவி, சில்லு தெறித்த இடத்தில் மட்டும் துருவை நிறுத்தி நிறம் தொட்டு ஒப்பேற்றுவது போதும். வெயிலில் மங்கிய பெயிண்ட் என்றால், கீழ் அடுக்கில் மறைந்திருக்கும் நிறத்தைச் சோதித்து அதையே பூசலாம்.

புதிதாகச் சேர்க்கும் இரும்பைத் துத்தநாகப் பூச்சுக் கொடுத்துச் சேருங்கள். துருப்பிடிக்காத எஃகு போல்ட் நல்லதுதான், ஆனால் வேறு உலோகத்தோடு நேராகத் தொட்டு மழையில் நனைந்தால் பக்கத்து உலோகம் அரித்துப்போகும். நடுவே பிளாஸ்டிக் வாஷர் வேண்டும். புதிய பாகங்களில் கண்ணுக்குப் படாத மூலையில் ஆண்டைப் பொறித்துவிடுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து இதைத் திறப்பவர் எது பழையது, எது புதியது என்று குழம்பக் கூடாது.

நியான் குழாய் வளைக்கத் தெரிந்தவர்கள் இன்று குறைவு. குழாயை நெருப்பில் வளைத்து, உயர் மின்னோட்டம் செலுத்திச் சூடாக்கி, உள்ளே உள்ள அழுக்கு வாயுவை உறிஞ்சி எடுத்து, பின் நியானை நிரப்பி மூடும் அந்த வேலையில் கொஞ்சம் அவசரப்பட்டாலும் குழாய் ஓரிரு ஆண்டில் கறுத்துவிடும். அவருக்கு நேரம் கொடுங்கள். முடிந்தால் ஒரு இளைஞரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

படி 10: ஏற்றுதல், எரியவிடுதல்

சட்டம் முதலில், எழுத்து அடுத்து, கண்ணாடி கடைசி. எழுத்துகளின் இடைவெளியைப் பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். தரையில் இருந்து பார்க்க ஒரு அங்குலம் தெரியாது என்பார்கள், வரிசையாகப் பத்து எழுத்து இருந்தால் தெரியும்.

திறப்பு விழாவுக்குப் பத்து நாள் முன்பே ரகசியமாக எரியவிட்டுப் பாருங்கள். தொடர்ந்து பல மணிநேரம் எரிய விட்டால்தான் பலவீனமான குழாயும் ட்ரான்ஸ்ஃபார்மரும் தங்களைக் காட்டிக்கொடுக்கும். மினுக்கும் வரிசையைப் பழைய வீடியோவோடு விநாடி விநாடியாக ஒப்பிடுங்கள். எதிர்வீட்டு ஜன்னல்களில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்றும் அளந்துவிடுங்கள். புது இடத்தில் தூக்கம் கெட்ட ஒரு குடும்பம் நகரசபைக்கு எழுதும் முதல் கடிதமே போர்டை அணைக்கப் போதும். எத்தனை மணிக்கு அணைப்பது என்று அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். சிட்கோ போர்டே நள்ளிரவில் அணைகிறது.

படி 11: எரிய வைத்துக்கொண்டே இருத்தல்

எரியாத போர்டு சீக்கிரம் செத்துப்போகும். உடைந்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள், பறவை கூடு கட்டும், துரு பரவும், ஒருநாள் 'ஆபத்தான அமைப்பு' என்று நோட்டீஸ் வரும். எரிபொருளைச் சிக்கனம் செய்ய வேண்டுமென்று 1979-ல் சிட்கோ போர்டை அணைத்தார்கள். நான்கு ஆண்டு இருட்டில் நின்றது. அதை இறக்கும் வேலை தொடங்கிய பிறகுதான் மக்கள் கூடித் தடுத்தார்கள். 1983-ல் மறுபடி எரிந்தது. மெல்போர்ன் சிறுமியும் செலவுக்குப் பணமில்லாமல் அணைந்து கிடந்த காலம் உண்டு. 2012-ல் பழுது பார்த்தபோது கூரையில் சூரியத் தகடுகளையும் வைத்தார்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை, புயல் காலத்துக்கு முன்னும் பின்னும், போல்ட்டுகளையும் நீர்த்தடுப்பையும் பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பொறியாளர் ஏற வேண்டும். உபரிக் குழாய்களும் இரண்டு மூன்று ட்ரான்ஸ்ஃபார்மர்களும் கையிருப்பில் இருக்கட்டும். படி 3-ல் எடுத்த படங்கள், வரைபடங்கள், எண் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு பிரதி நகர ஆவணக் காப்பகத்தில் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், மாதம் ஒருமுறை இருட்டிய பிறகு ஒரு ஆள் தெருவுக்குப் போய், மக்கள் வழக்கமாக நிற்கும் அந்த இடங்களில் நின்று, எல்லா எழுத்தும் எரிகிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். அந்த ஆளின் பெயரும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அவர் விலகினால் அடுத்தவர் யார் என்பதும்.